அட்ஜஸ்ட் பண்ணின ரீடிங்

லேப்ல கிராஃப் நேர்கோட்டுல வரலைன்னா நாம என்ன பண்ணுவோம்? சீனியரோட ரெக்கார்டைப் பார்த்து ரெண்டு ரீடிங்கை மாத்திடுவோம். யாருக்கு என்ன நஷ்டம்னுதான் நானும் நினைச்சேன், ஒரு இயர்பிளக்கோட கதையைப் படிக்கிற வரைக்கும்.

அமெரிக்க ராணுவத்துக்கு ஏரோ என்ற நிறுவனம் செய்த இயர்பிளக் அது. ரெண்டு முனை. பச்சை முனை எல்லாச் சத்தத்தையும் தடுக்கும். மஞ்சள் முனை பேச்சை உள்ளே விட்டு வெடிச்சத்தத்தைக் குறைக்கும். ஐடியா சூப்பர். ஆனால் நீளம் போதவில்லை. காதில் சரியாக உட்காராமல், போட்டவருக்கே தெரியாமல் தளர்ந்துவிடும்.

2000-ல் நிறுவனத்தின் லேபிலேயே பச்சை முனைக்கு வந்த சத்தக் குறைப்பு மதிப்பீடு சுமார் 11. எதிர்முனை விளிம்புகளைப் பின்னால் மடித்துவிட்டு மறுபடி டெஸ்ட் செய்தார்கள்; 22 வந்தது. லேபிளில் போனது 22. அப்படி மடித்துப் போடணும்னு ராணுவத்திடம் சொல்லவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. ஒரு ரைஃபிள் சுடும் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் போனாலே காதுக்கு ஆபத்து.

ஏரோவை 2008-ல் வாங்கிய த்ரீஎம், 2018-ல் அரசுக்கு 91 லட்சம் டாலர் கட்டியது. 2023-ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வழக்குகளை முடிக்க சுமார் 600 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. ரெண்டு முறையும் தவறை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போ காதைப் பறிகொடுத்தவர் பக்கம் வருவோம். அங்கே முன்னாள் வீரர்கள் அதிகமாக இழப்பீடு பெறும் குறைபாடு டின்னிடஸ், அதாவது காதுக்குள் ஓயாத இரைச்சல். இப்போது பாதிப்பு இருக்கணும், பணியில் காரணம் இருக்கணும், ரெண்டுக்கும் தொடர்பு காட்டணும். ஆனால் இந்த இரைச்சலை அளக்க மீட்டர் கிடையாது. அதனால் "சும்மா சொல்லிப் பணம் வாங்குறாங்க" என்று ஒரு பேச்சு.

சிலர் பொய் சொல்லலாம், மறுக்கலை. ஆனால் கிடைப்பது எவ்வளவு? ஒரு காதோ ரெண்டு காதோ, டின்னிடஸுக்கு அதிகபட்சம் 10 சதவீத மதிப்பீடுதான். 2025-ல் அது மாதம் சுமார் 175 டாலராக இருந்தது. யார் எவ்வளவு சத்தத்தில் வேலை பார்த்தார் என்பதற்குப் பணிவாரியான பட்டியலும் இருக்கு. காதில் இரைச்சல் கேட்கிறதா என்பதை அனுபவிப்பவரே சொல்லலாம், அது சாட்சியம்தான் என்று 2002-லேயே அங்கே ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு என்பதே என் கருத்து. அளக்க முடியாததைச் சொல்பவரைச் சந்தேகிக்கிறோம். அளந்து எழுதிய நம்பரை மட்டும் கேள்வியே கேட்காமல் நம்புகிறோம். இந்தக் கதையில் நம்பியிருக்கக் கூடாதது அந்த நம்பரைத்தான்.

இன்னும் சில மாதத்தில் நம்மில் பலர் டெஸ்டிங் வேலையில் இருப்போம். பாயின்ட் கோட்டுக்கு வெளியே விழுந்தால் விழுந்த இடத்திலேயே குறிப்போம். ரெக்கார்டில் ஒரு மார்க் போனால் போகட்டும்.