பெயரெழுதாத படங்கள்

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றிலே முதியவர் ஒருவர், பழைய பிஸ்கட் தகரப் பெட்டியைத் திறந்து நான்கு புகைப்படங்களை நம்முன் வைத்தார். வேலையிலிருந்து ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்தும் அவர் வாழ்வது அதே லயத்தில், அதே காம்பராவில்.

முதற் படம், தோட்டத்து மாரியம்மன் கோயில் தேர். இரண்டாவது, பெரட்டுக்களம், நடுவே துரை, பக்கத்தில் கணக்கப்பிள்ளை, பின்னால் வரிசை வரிசையாகத் தொழிலாளர். மூன்றாவது, புகையிரத நிலையத்துக்கு அருகிலிருந்த கடைவீதி. சாமான்கடை, துணிக்கடை, அடகுக்கடை, கோடியிலே சாராயத் தவறணை. நான்காவது, கையகலம்கூட இல்லாத கடவுச்சீட்டுப் படம். தலைமன்னாரில் கப்பலேறிப் போன அவருடைய தமையனாரின் முகம்.

படங்களிலே விரலை வைத்து அவர் பெயர் சொல்லிக்கொண்டே போனார். இவர் இன்னார் மகன், இவள் என் பெரியம்மா, இந்தக் கடைக்காரர் கடன் கொப்பியை மறைத்து வைப்பார் என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கதை. படத்தைத் திருப்பிப் பார்த்தோம். பின்புறம் வெறுமையாயிருந்தது. “ஐயா, இவற்றையெல்லாம் எழுதி வைக்கவில்லையா?” என்றோம். “எனக்குத்தான் தெரியுமே தம்பி, எழுதுவானேன்?” என்றார்.

அந்த விடையிலேதான் நம் மக்களின் பேராபத்து அடங்கியிருக்கிறது. அவருக்குத் தெரியும், அவருக்குப் பின் எவருக்குத் தெரியும்?

அப்படத்திலுள்ள வீதி இன்று இல்லை. நிலையமும் இல்லை; தண்டவாளமும் இல்லை. தோட்டங்களின் இறப்பரையும் தேயிலையையும் கொழும்புக்குக் கொண்டு சேர்த்த களனிவெளிப் புகையிரதப் பாதை 1902 இல் அவிசாவளையை அடைந்தது. 1903 இல் யட்டியாந்தோட்டைக்கும், 1912 இல் இரத்தினபுரிக்கும், 1919 இல் ஓபநாயக்கவுக்கும் நீண்டது. யட்டியாந்தோட்டைக் கிளை 1942 இல், யுத்த காலத்திலே, பெயர்த்தெடுக்கப்பட்டது. இரத்தினபுரி வழியாக ஓபநாயக்க சென்ற பாதை 1976 இல் மூடப்பட்டது. வண்டி நின்றது; வண்டியை நம்பிய கடைகளும் ஒவ்வொன்றாய் மறைந்தன.

வீதிகள் மறைவது உலகெங்கும் நடப்பதே. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலே நெருக்கமான பழஞ் சந்துகளை இடிக்க முற்பட்டபோது, அவற்றைப் படம் பிடித்து வைக்கும் பணி தோமஸ் அனன் என்ற புகைப்படக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1868 முதல் 1871 வரை அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. மறைந்த தெருக்களையும் மதுச்சாலைகளையும் அந்நாட்டு மக்கள் படங்களிலே கண்டு மகிழ்கிறார்கள். பாட்டன் குடித்த கடை இதுவென்று பேரன் பெருமை பேசுகிறான்.

அதே ஸ்கொட்லாந்திலிருந்து வந்த துரைமார்தாம் நம் மலைகளிலே கோலோச்சினர். இங்கேயும் புகைப்படக் கருவிகளுக்குக் குறைவில்லை. ஆர்னோல்ட் ரைட் தொகுத்து 1907 இல் வெளிவந்த ‘இலங்கை பற்றிய இருபதாம் நூற்றாண்டுப் பதிவுகள்’ என்னும் பெருநூலைப் புரட்டுவோர், தோட்டங்களையும் பங்களாக்களையும் பக்கம் பக்கமாகக் காணலாம். துரைக்குப் பெயருண்டு, தோட்டத்துக்குப் பெயருண்டு, ஏக்கருக்குக் கணக்குண்டு. அம்மலையை மலையாக்கிய மனிதனுக்கோ ‘கூலி’ என்ற பொதுச் சொல்லன்றி வேறு பெயரில்லை. பெயரில்லாப் படம் எடுத்தவனுக்கே உரியது, எடுக்கப்பட்டவனுக்கு உரியதன்று.

நாம் பழைய காலத்தைப் பொற்காலமென்று பாடவரவில்லை. அந்த மூன்றாவது படத்தின் கோடியிலே தவறணை நிற்பதை மறைக்கவும் நாம் விரும்பவில்லை. கிளாஸ்கோப் பேரனைப்போல நாம் அதன் முன் நின்று பெருமைகொள்ள முடியாது. சாராயக் குத்தகை அந்நிய அரசின் கருவூலத்தை நிரப்பியது, குத்தகைக்காரரைச் செல்வராக்கியது, சம்பள நாளிலே நம் பெண்கள் அத்தவறணை வாசலில் காத்து நின்றார்கள். 1904 இலும் 1912 இலும் இந்நாட்டிலே மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும் தவறணையும் படத்தில் இருக்கட்டும். இனிமையை மட்டும் நினைவில் வைத்துக் கசப்பை வெட்டியெறிந்தால் அது வரலாறாகாது, விளம்பரமாகும்.

நம் வீதியும் நம் லயமும் மறைந்ததற்குத் தண்டவாளம் மட்டுமா காரணம்? கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை நினைவுகூருங்கள். நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்கென அரசு அத்தோட்டத்தை எடுத்துக்கொண்டது. ஆண்டாண்டாய் அங்கே உழைத்த தமிழ்த் தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். மறுத்தவர்கள் அத்துமீறியவர்களாக நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டனர். அதை எதிர்த்து 1946 இலே தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிராமத்துச் சிங்கள உழவனுக்கு நிலம் கிடைக்கக் கூடாதென்பதன்று நம் வாதம். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் அவனுடைய முன்னோரும் நிலமிழந்தனர். ஒருவன் இழந்த நிலத்தை மற்றொருவனின் கூரையைப் பிரித்துத்தான் ஈடுசெய்ய வேண்டுமா என்பதே அன்றும் இன்றும் நம் கேள்வி.

அடுத்து வந்தது பிரசாவுரிமைச் சட்டம். 1948 இலே நம்மவர் நாடற்றோராயினர். 1949 இன் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மற்றையோர் பத்தாண்டும், 1946 ஆம் ஆண்டு பிறக்கு முன் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. பேரேட்டைத் துரையின் அலுவலகத்தில் பூட்டி வைத்துவிட்டு, லயத்தில் இருப்பவனிடம் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றோர் ஏறக்குறைய 134,000 பேரே. எழுத்திலே இல்லாதவன் நாட்டிலேயே இல்லாதவனாக்கப்பட்டான்!

1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர். 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. தம் வாழ்நாளிலே முதன்முதலாகக் கருவியின் முன் அமர்ந்து பலர் எடுத்துக்கொண்ட படம், இந்நாட்டைவிட்டுப் போவதற்கான கடவுச்சீட்டுப் படமே. அம்முதியவரின் பெட்டியிலிருந்த நான்காவது படம் அத்தகையது.

போகாமல் நின்றவர்களுக்கு நேர்ந்ததென்ன? 1977 ஓகஸ்டில் தாக்கப்பட்டனர். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் மீண்டும் தாக்கப்பட்டனர்; லயங்கள் கொளுத்தப்பட்டன. 1983 ஜூலை அடுத்து வந்தது. யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்ததும் அதே 1981 இலேதான். நூலகம் எரிந்ததை உலகம் அறியும். அதற்குச் சில வாரங்களின் பின் சப்ரகமுவ லயங்களிலே சுவரில் தொங்கிய திருமணப் படங்களும், பெட்டியில் மடித்து வைத்த பிறப்புச் சான்றுகளும் சாம்பலானதை எத்தனைபேர் அறிவர்? அவையும் ஒரு மக்களின் நூலகமல்லவா?

இதை வாசிக்கும் வவுனியாக் கமக்காரரே, கிளிநொச்சிக் கமக்காரரே! உங்களிற் பலர் அந்த நெருப்பிலிருந்து தப்பி வந்தோரின் மக்கள். காடு வெட்டிக் கிணறு தோண்டி இன்று நெல்லும் உழுந்தும் விளைவிக்கிறீர்கள். உங்கள் தாயார் எந்தத் தோட்டத்தின் எந்த லயத்திலிருந்து வந்தார் என்று உங்கள் பிள்ளை சொல்லுமா? உத்தியோகத்தரே, ஆசிரியரே, வழக்கறிஞரே! மலையிலிருந்து படித்து மேலேறிய உங்கள் வீட்டுக் கூடத்திலே பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. கொழுந்துக் கூடையோடோ பால்வாளியோடோ நின்ற உங்கள் பாட்டியின் படம் எங்கே? வெட்கத்தால் பெட்டியின் அடியிலா?

2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றோர் என்ற பெயர் நீங்கியது. 2023 இலே, மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். ஆயினும் சப்ரகமுவத் தோட்டங்களிலே இன்றும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தாம் இருக்கும் காம்பராவுக்கு உறுதியில்லை. காணியுரிமை கேட்டு நாளை நாம் எழும்போது, நீர் எப்போது வந்தீர், எங்கே இருந்தீர் என்ற பழைய கேள்வி புதிய வாயால் கேட்கப்படலாம். புகைப்படம் காணியுறுதியாகாது, அதை நாம் அறிவோம். ஆனால் பெயரும் இடமும் ஆண்டும் எழுதிய நூறு படங்கள் ஒன்றுசேர்ந்தால், ஒரு தோட்டத்தின் மக்கள் அங்கே பிறந்தார்கள், மணந்தார்கள், தேரிழுத்தார்கள், புதைக்கப்பட்டார்கள் என்ற சாட்சியத்தை எவராலும் எளிதிலே தள்ளிவிட முடியாது.

ஆகவே நாம் கேட்பது பெரிய நிதியன்று, மாளிகையன்று, ஒரு பென்சில். முதியோர் உயிரோடிருக்கும்போதே படங்களை வெளியே எடுங்கள். பின்புறத்திலே மெதுவாக எழுதுங்கள்: யார், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம், எந்த ஆண்டு. ஆண்டு தெரியாவிட்டால் எந்தத் திருவிழா, எந்தத் துரை காலம் என்றாவது எழுதுங்கள். கைத்தொலைபேசியாலே இருபுறமும் படம் பிடித்து ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வையுங்கள். எரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2005 முதல் இணையத்தில் தமிழ் ஆவணங்களைக் காத்துவரும் ‘நூலகம்’ போன்ற முயற்சிகளிடம் ஒரு படியைச் சேருங்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு ஒரு பாடமாகவே கொடுக்கலாம்.

அன்று மாலை அம்முதியவரிடம் பென்சிலை நீட்டினோம். “எனக்குக் கை நடுங்குது, நீங்களே எழுதுங்க தம்பி” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். பெரட்டுக்களப் படத்திலே இருபத்து மூன்று முகங்கள். பத்தொன்பது பெயர்கள் கிடைத்தன. நான்கு முகங்களை அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார்; பெயர் வரவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் அந்நான்கும் கிடைத்திருக்கும். பத்து ஆண்டுகளுக்குப் பின் கேட்டால் பத்தொன்பதும் போயிருக்கும்.