வீடு மாறலாம், பெரியவர்கள் வாட வேண்டுமா?

கடம்பூர் என்றதும் பலருக்குப் போளிதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊரையும் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களையும் போளி காப்பாற்றிவிட முடியாது. அது மானாவாரிப் பூமி. மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. ஆகவே பிள்ளைகள் கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனார்கள். அதில் குற்றம் இல்லை.

போன மகன் ஒருநாள் திரும்பி வருகிறான். "அம்மா, இனி நீ தனியாக இருக்க வேண்டாம். எங்களோடு வந்துவிடு" என்கிறான். நல்ல எண்ணம்தான். ஆனால் வாசலில் வேனைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் பலர் இதைச் சொல்லுகிறார்கள்!

ஐம்பது வருடம் புழங்கிய வீடு. இருட்டிலும் தடுமாறாமல் நடந்த வீடு. அதை ஒரே பகலில் விட்டுவிட்டு வா என்றால், யாருக்குத்தான் மனம் ஒப்பும்?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 'வெஸ்ட் எண்ட்' என்ற ஏழைகள் குடியிருப்பு, 1950-களின் இறுதியில் இடித்துத் தள்ளப்பட்டது. வீடு இழந்தவர்களை மார்க் ஃபிரீட் என்ற மனநூல் அறிஞர் ஆராய்ந்தார். நெருங்கிய உறவினர் இறந்தால் எப்படி அழுவார்களோ, அப்படித்தான் அவர்களில் பலர் பழைய வீட்டுக்காக அழுதார்கள் என்று 1963-ல் எழுதினார். இரண்டு வருடம் கழிந்தும் சிலருக்குத் துக்கம் தீரவில்லை. பாஸ்டனில் அப்படி என்றால், கடம்பூர் ஆச்சி திண்ணையைத் தடவிக்கொண்டு அழுவதில் என்ன அதிசயம்?

முதலில் கேளுங்கள்

ஆகவே, நாள் குறிப்பதற்கு முன் பெரியவர்களைக் கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் போய்க் கூப்பிட்டால் வரமாட்டார்கள். விதைத்த பயிரை விட்டு வர எந்த விவசாயிக்கும் மனம் வராது. கரிசல் சேறும் வண்டியை விடாது. தை, மாசியில் அறுப்பு முடிந்த பிறகு பேச்சை எடுத்தால், பாதி மறுப்பு குறைந்துவிடும். அதற்கு முன் இரண்டு மூன்று முறை புது வீட்டுக்குக் கூட்டிப் போய், நாலு நாள் தங்கவைத்து அனுப்புவது இன்னும் நல்லது.

சாமான் கட்டும்போதுதான் சண்டை வருகிறது. ஆட்டுக்கல்லும் குலுக்கையும் மாடி வீட்டுக்கு ஏறாது, உண்மைதான். ஆனால் ஆச்சி கோவிலுக்குப் போன நேரம் பார்த்து, பழைய சாமானை எடைக்குப் போடுகிறார்களே, அது தகுமா? எது வரவேண்டும், எது யாருக்குப் போகவேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். வெற்றிலை இடிக்கும் சிறு உரல் எவ்வளவு இடத்தை அடைத்துவிடும்?

கண்ணாடி, பல்செட், மருந்து, டாக்டர் சீட்டு, ஆதார், பாங்கி புத்தகம் ஆகியவை லாரியில் போகக் கூடாது. ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போக வேண்டும்.

புது வீட்டில் முதலில் போட வேண்டியது டெலிவிஷன் அல்ல, பெரியவரின் கட்டில். பழைய வீட்டில் எந்தப் பக்கம் இறங்குவாரோ, அதே பக்கம் இறங்கும்படி போட வேண்டும். கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போகும் வழியில் இரவெல்லாம் ஒரு சிறு விளக்கு எரியட்டும். உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரை ஈரமானால் ஆபத்து. உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சாகும் அளவுக்கு விழுகிறவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

அடுப்பை யார் மூட்டுவது?

பால் காய்ச்சும் நாளில் நடக்கும் ஒரு கொடுமையையும் சொல்ல வேண்டும். புருஷனை இழந்த தாய் என்றால், "நீ கொஞ்சம் தள்ளி நில்லம்மா" என்று ஓரங்கட்டுகிறார்கள். தீப்பெட்டி ஒட்டியும் பருத்தி எடுத்தும் அந்தப் பிள்ளையை ஆளாக்கிய கை, அடுப்பு மூட்டினால் ஆகாதா? அந்தக் கையே முதலில் மூட்டட்டும். "இது என் வீடு" என்ற எண்ணம் அன்றைக்கே அவர்களுக்கு வந்துவிடும்.

ரேஷனுக்குக் கவலை இல்லை. 2020 முதல் தமிழ்நாட்டில் வேறு ஊர்க் கடையிலும் கார்டைக் காட்டி வாங்கலாம். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் ஊர் மாறினால் மட்டும், முன்கூட்டியே தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். 2023-ல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. சின்னத் தொகைதான். ஆனால் பேரனுக்கு மிட்டாய் வாங்க மகனிடம் கை நீட்ட வேண்டியதில்லை அல்லவா?

கையெழுத்துக்கு முன்

கடைசியாக, பத்திரம். "ஊர் வீட்டை என் பேருக்கு எழுதிவிடு, அப்புறம் ராணி மாதிரி வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. எழுதி வாங்கியபின் சோறு போடாதவர்களும் உண்டு.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 23-ம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. 'கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். ஆனால் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு. வாய்வார்த்தையை நம்பி எழுதிக் கொடுத்தவர்கள், பிறகு வழக்கில் சங்கடப்படுகிறார்கள்.

மனுவைக் கொடுக்க வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அலுவலகம். கடம்பூர் பக்கத்தாருக்கு அது கோவில்பட்டியில் இருக்கிறது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடக்க முடியாதவருக்காக வேறொருவர் மனுக் கொடுக்கலாம். என்ன செய்வது என்று தெரியாதவர்கள், முதியோருக்கான 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.