அப்ரண்டிஸ் பயிற்சிக்கு ஆன்லைன் உதவி: பதிவு மட்டும் போதுமா?

உங்கள் வீட்டிற்கு இப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதா? வாழ்த்துக்கள். ரயில் டிக்கெட் எடுத்திருப்பீர்கள், கரண்ட் பில் கட்டியிருப்பீர்கள், பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்திருப்பீர்கள். வீட்டில் ஐ.டி.ஐ., டிப்ளமோ அல்லது எஞ்சினியரிங் முடித்தவர் யாராவது இருந்தால் அதே கம்ப்யூட்டரில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் வேளச்சேரியில் ஒரு சிறிய சாப்ட்வேர் நிறுவனத்தில் புரோகிராமர். மொத்தம் ஏழு பேர். பட்டறைகளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து வேலை பழகும் மாணவர்களுக்கும், அவர்களைச் சேர்த்துக் கொள்ளும் முதலாளிகளுக்கும் இன்டர்நெட் வழியாக உதவும் சேவை ஒன்றைச் செய்து தரும்படி ஒரு பயிற்சி நிலையம் எங்களிடம் கேட்டது. செய்து கொடுத்தோம். முதல் ஆறு மாதம் நாங்கள் செய்து கொடுத்தது தப்பான பொருள். எது தப்பு என்று சொன்னால், இப்படி ஒரு சேவையிடம் நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அப்ரண்டிஸ் என்றால் யார்?

புதிய வாசகர்களுக்காக ஒரு சிறிய விளக்கம். தமிழில் இவர்களைத் தொழிற்பழகுநர் என்பார்கள். இதற்கென்று 1961-ம் ஆண்டிலேயே தொழிற்பழகுநர் சட்டம் வந்துவிட்டது. ஆரம்பத்தில் ஃபிட்டர், டர்னர் போன்ற தொழிற்பிரிவுகளுக்கு மட்டும் இருந்தது. 1973-ல் செய்த திருத்தத்தில் பட்டம், டிப்ளமோ படித்த எஞ்சினியர்களும் சேர்க்கப்பட்டார்கள். இந்தச் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, கற்றுக் கொள்பவர். அதனால்தான் அவருக்குக் கிடைப்பதைச் சம்பளம் என்று சொல்வதில்லை, உதவித்தொகை என்கிறார்கள்.

2019-ல் மாற்றிய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள சிறிய பட்டறைகள் விரும்பினால் சேர்க்கலாம். 2016-ல் தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்றுக் கொள்கிறது. 2023 முதல் இந்தப் பங்கு அப்ரண்டிஸின் வங்கிக் கணக்கிற்கே நேரடியாகப் போகிறது.

இதற்காக இரண்டு அரசு வெப்சைட்கள் இருக்கின்றன. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு ‘அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா’. பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்கு ‘நாட்ஸ்’. நாட்ஸ் திட்டத்தைத் தென் மாநிலங்களில் நடத்தும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் எங்களுக்குப் பக்கத்தில், தரமணியில்தான் இருக்கிறது. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் பெருங்குடிக்கு அடுத்த ஸ்டேஷன்.

பதிவு செய்வது, இடம் தேடுவது, ஒப்பந்தம் போடுவது எல்லாமே இந்த வெப்சைட்களில் முடிந்துவிடும். பழைய காலத்தில் ஃபைலைத் தூக்கிக் கொண்டு அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது தெரியும். ஆனால் ஒப்பந்தம் போட்ட மறுநாள் காலை பையன் பட்டறைக்குப் போகிறான். அதன் பிறகு அவனுக்கு யார் உதவி?

பச்சை நிறம் சொன்ன பொய்

அந்த இடைவெளியை நிரப்பத்தான் எங்கள் சேவை. அப்ரண்டிஸ் தினமும் தன் செல்போனில் வருகையைப் பதிவு செய்வார். முதலாளி கம்ப்யூட்டரில் அதற்கு ஓகே கொடுப்பார். 80 சதவீதத்திற்கு மேல் வருகை இருந்தால் பெயருக்கு எதிரே பச்சை, குறைந்தால் சிவப்பு. பயிற்சி நிலையத்தில் உட்கார்ந்தபடியே எல்லாப் பட்டறைகளையும் ஒரே திரையில் பார்க்கலாம். எங்களுக்கு ஒரே பெருமை!

ஒருநாள் பெருங்குடிப் பக்கம் உள்ள ஒரு லேத் பட்டறையிலிருந்து போன். முதலாளிக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. பக்கம்தானே என்று நானே பைக்கில் போனேன். அங்கே எங்கள் திரையில் நான்கு மாதமாகப் பச்சையாக இருந்த டர்னர் அப்ரண்டிஸ், தரையில் கிடந்த இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளிக் கொண்டிருந்தான்.

"லேத்தில் என்னென்ன வேலை பழகியிருக்கே?" என்று கேட்டேன்.

"மெஷினைத் தொடவே விடல அண்ணா. கூட்டுறது, டீ வாங்குறது, லோடு இறக்குறதுதான்."

"எங்க வெப்சைட்ல எழுதியிருக்கலாமே?"

"எங்கே எழுதுறது? வந்தேனா இல்லையான்னுதானே அதுல கேக்குது."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்தத் திரையை எழுதியவன் நான்தான்.

முதலாளி மேல் எனக்குக் கோபம் வந்தது. கேட்டும் விட்டேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, என் லேத் ஒரு மணி நேரம் நின்னா எனக்கு நஷ்டம். பையன் தப்பா ஓட்டி டூல் உடைஞ்சா இன்னும் நஷ்டம். சரி, கத்துக் கொடுக்கிறேன்னே வச்சுக்குவோம். இந்த வாரம் என்ன, அடுத்த வாரம் என்னன்னு யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொன்னாங்களா? உங்க கம்ப்யூட்டர் சொல்லுச்சா?" என்றார்.

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. நாங்கள் அவருக்குக் கொடுத்திருந்தது ஓகே என்ற ஒரு பட்டன் மட்டும்தான்.

அந்தப் பையன் ஆறாவது மாதம் நின்றுவிட்டான். அதன் பிறகும் மூன்று வாரம் எங்கள் திரையில் அவன் பெயர் பச்சையாகவே இருந்தது. சில மாதம் கழித்து விஜயநகர் சிக்னலில் முதுகில் சாப்பாட்டுப் பையுடன் பைக்கில் நின்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். சிக்னல் விழுந்தது, போய்விட்டான். டெலிவரி வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் அவன் டர்னர் ஆக ஆசைப்பட்டவன்.

என்ன மாற்றினோம்?

முதலில் வருகைப் பதிவைப் பின்னால் தள்ளினோம். இப்போது அப்ரண்டிஸ் உள்ளே நுழைந்ததும் தமிழில் ஒரே கேள்விதான்: இன்று என்ன வேலை செய்தீர்கள்? எழுத வராவிட்டால் பேசிப் பதிவு செய்யலாம், செய்த பொருளைப் போட்டோ எடுத்துப் போடலாம்.

இரண்டாவது, முதலாளிக்கு ஒரு வரி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாடத்திட்டத்திலிருந்து அந்த வாரம் சொல்லித் தர வேண்டிய ஒரே ஒரு வேலை அவருக்குப் போகும். உதாரணமாக, "வெர்னியர் காலிபரில் அளவெடுப்பது. அரை மணி நேரம் போதும்." சனிக்கிழமை ‘முடிந்தது’ அல்லது ‘முடியவில்லை’ என்று ஒரு கிளிக். பாஸ்வேர்டு கிடையாது, போனுக்கு வரும் ஓ.டி.பி. எண் போதும்.

மூன்றாவதுதான் எங்களுக்குள் சண்டையை உண்டாக்கியது. அப்ரண்டிஸ் எழுதுவதை முதலாளி பார்க்கலாமா? பார்க்க முடியாவிட்டால் அவருக்கு நம்பிக்கை வராது. எல்லாவற்றையும் பார்க்க முடிந்தால் பையன் உண்மையை எழுத மாட்டான். கடைசியில் இரண்டு பெட்டிகள் வைத்தோம். செய்த வேலையை எழுதும் பெட்டியை இரண்டு பேரும் பார்க்கலாம். ‘உதவி வேண்டும்’ என்ற பெட்டியைப் பயிற்சி நிலையத்தின் ஆசிரியர் மட்டுமே பார்ப்பார், ஒரு நாளுக்குள் பதில் சொல்வார். கம்ப்யூட்டர் தானாக அனுப்பும் பதில் அல்ல, மனிதர் எழுதும் பதில்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. சில முதலாளிகள் கிளிக் செய்வதோடு சரி. சில மாணவர்கள் மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒரே வரியை எழுதுகிறார்கள். ஆனால் மெஷினைத் தொடாத ஒரு பையன் நான்கு மாதம் பச்சையாக இருக்க முடியாது. இரண்டாவது வாரமே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

ஜெர்மனியைப் பாருங்கள்

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியில் அப்ரண்டிஸ் தன் பயிற்சிக் குறிப்பேட்டைத் தவறாமல் எழுத வேண்டும், பயிற்சி தருபவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால் இறுதித் தேர்வு எழுதவே அனுமதி கிடையாது. 2017-லிருந்து அதைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக் கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. நம் 1961 சட்டமும் அப்ரண்டிஸின் முன்னேற்றத்தைப் பதிவு செய்து வைப்பது முதலாளியின் கடமை என்று சொல்கிறது. சட்டத்தில் இருப்பதைத் திரையில் கொண்டுவர நாங்கள்தான் மறந்து போனோம்.

என் கருத்து இதுதான். எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்பதை வைத்து ஒரு சேவையை நல்ல சேவை என்று சொல்லக் கூடாது. பையன் கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா, முதலாளிக்குச் சொல்லித் தர வழி காட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அதிலும் முதலாளிக்கு உதவாத சேவை மாணவனுக்கும் உதவாது. லேத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில் ஒருவர் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் வீட்டுக் கம்ப்யூட்டரில் இவற்றைச் செய்து விடுங்கள்.

1. பதிவு செய்யும் முன் வெப்சைட் முகவரி ‘கவ்.இன்’ என்று முடிகிறதா பாருங்கள். இந்த அரசு வெப்சைட்களில் மாணவர்கள் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2. ஒப்பந்தத்தை டவுன்லோடு செய்து ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள். பையனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோரோ காப்பாளரோதான் ஒப்பந்தம் செய்ய முடியும். எனவே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

3. எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் ஒரு ஷீட் திறந்து ஐந்து தலைப்புகள் கொடுங்கள்: தேதி, செய்த வேலை, பயன்படுத்திய மெஷின், கற்றது, புரியாதது. தினமும் ஐந்து நிமிடம் போதும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துக் கொள்ளுங்கள்.

4. உதவித்தொகை அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் வர வேண்டும். நெட் பேங்கிங்கில் பார்த்து அதே ஷீட்டில் குறித்து வையுங்கள்.

5. இரண்டு மூன்று வாரமாக ‘கற்றது’ என்ற இடம் காலியாகவே இருந்தால் முதலில் முதலாளியிடம் மரியாதையாகப் பேசுங்கள். பலருக்கு வழி தெரியாததுதான் காரணம். அதிலும் சரியாகாவிட்டால் படித்த ஐ.டி.ஐ. அல்லது கல்லூரிக்குச் சொல்லுங்கள். ஒப்பந்தம் பற்றிய தகராறைத் தீர்க்கும் அதிகாரம் தொழிற்பழகுநர் ஆலோசகருக்கு இருக்கிறது. உங்கள் ஷீட்தான் அப்போது கையில் இருக்கும் ஆதாரம்.

நீங்களே சிறிய பட்டறை வைத்திருப்பவரா? புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் பில் போடுவதோடு நிறுத்தாமல், பையனுக்கு இந்த வாரம் என்ன சொல்லித் தரப் போகிறீர்கள் என்று திங்கட்கிழமை ஒரு வரி டைப் செய்து பாருங்கள். சனிக்கிழமை அதைத் திறந்து பார்த்தால் நடந்ததா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.