பிரசவம் எங்கே என்று தீர்மானிப்பது யார்?

தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் கட்டடத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. அவள் எவ்வளவு தூரம் போனாள், துணைக்கு யார் போனார்கள், பிரசவ அறையில் எப்படி நடத்தப்பட்டாள் என்பதெல்லாம் அதில் இல்லை.

சென்னை சென்ட்ரலுக்கு அருகே கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள்தான். 2019 டிசம்பர் இறுதியில் அங்கே வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். மக்களை 20 கிலோமீட்டருக்கும் அப்பால் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். தலித் பெண் அமைச்சர் ஒருவரின் பெயரைத் தாங்கிய குடியிருப்புக்கே இந்தக் கதி!

அங்கே நிறைமாதக்காரிக்கு நள்ளிரவில் வலி எடுத்தால் என்ன ஆகும்? லிஃப்ட் ஓடாவிட்டால் மாடிப்படி இறங்க வேண்டும். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த பழைய பக்கத்து வீட்டு அக்கா இப்போது எந்த பிளாக்கில் இருக்கிறாரோ! மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது? துணைக்கு வருபவரின் அன்றைய கூலிக்கு என்ன வழி? ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறதே என்பார்கள். பிரசவம் சிக்கலானால் அங்கிருந்தும் பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். வட்டிக்கு வாங்கித் தனியார் மருத்துவமனையில் சேர்வதோ, வலி முற்றும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதோதான் மிச்சம். இதற்குத்தான் ‘அறியாமை’ என்று பெயர் வைக்கிறார்கள்.

18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும், 19 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். 18 வயதில் கருவுற்றவளுக்கு இல்லை, மூன்றாவது பிள்ளையைச் சுமப்பவளுக்கும் இல்லை. உதவி அதிகம் தேவைப்படுபவர்களையே வாசலில் நிறுத்துகிறது விதி. அதையும் தாண்டி உள்ளே போனால், ‘கண்ணகி நகர்’ என்று முகவரி சொன்னதும் எதிரில் இருப்பவரின் குரல் மாறும். சாதியை நேரடியாகக் கேட்க வேண்டியதில்லை, முகவரியே போதும்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலன் என்றார். அதற்கான செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்றார். நாம் கேட்பது அதைத்தான். வெளியேற்றத்தை நிறுத்து. ஏற்கெனவே குடியேற்றிய இடங்களில் இரவும் பகலும் அறுவைச் சிகிச்சை வசதியோடு மகப்பேறு மருத்துவமனை கட்டு. நிதியுதவிக்கு வயதையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பார்க்காதே.

எங்கே பிள்ளை பெற வேண்டும் என்று அவளுக்குப் பாடம் எடுப்பவர்கள், அவளை எங்கே கொண்டுபோய்த் தள்ளினோம் என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.