கள்ளத் துப்பாக்கி வேண்டாம், உரிமம் கொடு!



மரவள்ளியும் நிலக்கடலையும் விளைஞ்சு வீடு வந்து சேருமா என்பது இன்று நம் கையில் இல்லை, காட்டுப்பன்றியிடம் இருக்கிறது. தகரம் தட்டினோம், பட்டாசு வெடித்தோம், பழைய சேலையைச் சுற்றி வேலி கட்டினோம். நாலு நாள் ஒதுங்குகிற பன்றி அஞ்சாம் நாள் குட்டிகளோடு வருகிறது. ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் போச்சு!

இந்த வயித்தெரிச்சலில்தான் சிலர் காதோடு காதாக விசாரிக்கிறார்கள்: "நாட்டுத் துப்பாக்கி எங்கே கிடைக்கும்?" நாம் சொல்வது ஒன்றுதான்: வாங்காதீர்கள். 2019-ல் திருத்திய ஆயுதச் சட்டப்படி, உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகம் போனால் 5 ஆண்டு சிறை. செய்து விற்பவனுக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. பன்றி தின்றது போக மிச்சம் வக்கீலுக்கும் வாய்தாவுக்கும் போய்விடும்.

சரி, இது ஒளிந்து வாங்க வேண்டிய பொருளா? இல்லை! 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 13-ஆம் பிரிவு, பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படும் விவசாயிக்கு, குழல் வாய் வழியாக மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் சொல்லி மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. அரை ஏக்கர்காரனுக்கும் இது பொருந்தும்.

ஆகவே விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 18-ஆம் பிரிவுப்படி மேல்முறையீடு உண்டு. உரிமம் கைக்கு வந்த பிறகு, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் மட்டும் வாங்குங்கள். அப்பா, தாத்தா வைத்திருந்த துப்பாக்கி பரணில் கிடந்தால், தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுங்கள். "எங்க தாத்தாவுதுங்க" என்று சொன்னால் வழக்கு நிற்காது என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கி உரிமம் பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதற்குத் தனி உத்தரவு வேண்டும். கேரளத்தில் 2022-ல் அந்த உத்தரவு போடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தார்கள். உரிமம் உள்ளவர்களை வைத்துச் சுடுகிறார்கள். இங்கே 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியை வனத்துறையே சுடும் என்று அறிவித்தார்கள். காட்டோரத்தில் உழும் நம் கதி?

நாம் கேட்பது இதுதான்: பயிர்க்காப்பு உரிம மனுக்களைக் கிடப்பில் போடாதே! கேரளம் போல அதிகாரத்தை ஊராட்சிக்குக் கொடு! அதுவரை அழிந்த பயிருக்கு முழு இழப்பீடு கொடு!

சட்டம் கொடுத்ததைத்தான் கேட்கிறோம். மனுவோடு வாருங்கள், ஆட்சியர் அலுவலகம் முன்பு ஒன்றாய் நிற்போம்!