கூட்டுச் சின்னமும் குழவிப் பாலும்

காரணங் கருதி இடப்பட்ட பெயர் நாளடைவிற் காரணம் மறைந்து வெறும் இடுகுறியாய் நிற்றல் மொழியில் இயல்பு. வணிக உலகில் இதற்கு மறுதலையான ஒன்று நிகழ்கின்றது. ஒரு குடும்பத்தின் பெயர், புதுப்பொருள் ஏற்றப்பெற்று, உலகெங்கும் நம்பிக்கையின் பெயராய் உலாவுகின்றது. ‘நெஸ்லே’ என்னும் பெயர் அத்தகையது. யேர்மன் மொழியின் வட்டார வழக்கொன்றில் ‘சிறு கூடு’ என்பது அதன் பொருள். கூட்டில் அமர்ந்த தாய்ப்பறவை தன் குஞ்சுகளுக்கு ஊட்ட முனையும் ஓவியம் அக் கம்பனியின் சின்னம். தமிழ் படிப்பிப்பவனுக்குப் பால்மாக் கம்பனியின் வரலாற்றில் என்ன அலுவல் என்று வினவுவார் உளராகலாம். சொல் எங்கே பொருளை விட்டு விலகுகின்றதோ அங்கே பண்டிதனுக்கு அலுவல் உண்டு என்பதே என் விடை.

என்றி நெஸ்லே 1814 ஆம் ஆண்டு யேர்மனியிலுள்ள பிராங்பேட் நகரிற் பிறந்தவர். மருந்தாக்குந் தொழில் பயின்று, சுவிற்சர்லாந்திலே செனீவா ஏரிக்கரையிலுள்ள வெவே என்னும் ஊரிற் குடியேறினார். தாய்ப்பால் பெறாத குழந்தைகள் பெருந்தொகையாக மடிந்த காலம் அது. அவர் பசுப்பாலையும் கோதுமை மாவையும் சீனியையும் சேர்த்து, குழந்தையின் வயிறு ஏற்க மாட்டாதவற்றை நீக்கி, 1867 இல் ஒரு பாலுணவைச் சமைத்தார். தாய்ப்பால் உண்ண இயலாதிருந்த, குறைமாதத்திற் பிறந்த குழந்தையொன்று அதனால் உயிர் பிழைத்தது. தம் குடும்ப இலச்சினையாகிய பறவைக் கூட்டையே அவர் தம் பண்டத்துக்கும் குறியாக்கினார். அதனை நீக்கிச் சுவிற்சர்லாந்தின் சிலுவைக் குறியை இடலாம் என்று முகவர் ஒருவர் கூறியபோது அவர் இசைந்தாரில்லை. சிலுவையை எவரும் வழங்கலாம். தம் குடும்ப இலச்சினை பிறர்க்கு உரியதன்று என்பது அவர் கருத்து. பெயரின் வலிமையை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

1866 இல், அமெரிக்கரான பேஜ் சகோதரர் சுவிற்சர்லாந்தின் சாம் என்னும் ஊரிலே ரின்பால் ஆக்குங் கம்பனியொன்றை நிறுவியிருந்தனர். 1875 இல் என்றி நெஸ்லே தம் தொழிலை விற்று விலகினார். பின்னர், பாலுணவு விற்றவர் ரின்பாலும், ரின்பால் விற்றவர் பாலுணவும் விற்கப் புகுந்து, இரு கம்பனிகளும் நெடுங்காலம் போட்டியிட்டு, 1905 இல் ஒன்றாயின. அடுத்த ஆண்டிலேயே அதன் வாணிகம் இலங்கைக்கு வந்தது. பிற்காலத்தில் அது பெருகிய வகையை விரிக்கப் புகின் ஏடு இடங்கொடாது. 1934 இல் மைலோ. பிரேசில் நாட்டிற் கோப்பிக்கொட்டை தேங்கிக் கிடந்த காலத்தில் அதற்கு வழி தேடிய முயற்சியின் பயனாக 1938 இல் நெஸ்கபே. 1947 இல் மகி நிறுவனத்தோடு இணைப்பு. இவற்றுள் எதுவும் என் கருத்தைக் கவரவில்லை. என் கருத்தைக் கவர்வது, கம்பனியின் தொடக்கப் பண்டமாகிய குழந்தையுணவு பிற்காலத்தில் எய்திய கதியே.

தாய்ப்பால் பெறாத குழந்தைக்குத் துணையாக ஆக்கப்பட்ட உணவு, தாய்ப்பால் பெறக்கூடிய குழந்தைக்கும் விற்கப்பட்டபோது வழக்குத் தொடங்கிற்று. 1939 இல், சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பிற் பேசினார். இனிப்பூட்டிய ரின்பாலைக் குழந்தைக்கு உகந்த உணவென்று பரப்புதலை அவர் கடிந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய நிலப்பகுதிகளிற் பால்மா விற்பனை பெருகிற்று. தாதியர் உடை அணிந்த விற்பனைப் பெண்கள் மகப்பேற்று விடுதிகளுக்குச் சென்றனர். இலவச மாதிரிகள் வழங்கப்பட்டன. விளைவு யாது? இலவச மா சில நாளில் தீரும். அதற்குள் தாயின் பாலும் வற்றிவிடும். இனி விலைகொடுத்து வாங்கல் வேண்டும். வறியவள் ஒரு பேணியைப் பல நாள் நீட்டற்பொருட்டு நீரை மிகுத்துக் கரைப்பாள். அந் நீரும் தூயதன்று. போத்தலைக் கொதிக்கவைக்க விறகும் இல்லை. குழந்தை வயிற்றோட்டத்தாலும் உணவுக் குறைவாலும் மெலிந்து மாயும். தூய நீரும் போதிய பணமும் எழுத்தறிவும் உள்ள இல்லத்துக்கு ஏற்ற பண்டம், அவை இல்லாத குடிசைக்கு நஞ்சாய் முடிந்தது.

1974 இல் இங்கிலாந்தின் ‘வார் ஒன் வோன்ட்’ என்னும் அறநிலையம் இப்பொருள் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டது. ‘குழவிக் கொல்லி’ என்பது அதன் தலைப்பு. தலைப்பிற் கம்பனியின் பெயர் இல்லை. சுவிற்சர்லாந்தின் குழுவொன்று அதனை யேர்மன் மொழியிற் பெயர்த்தபோது, ‘நெஸ்லே குழந்தைகளைக் கொல்கின்றது’ எனத் தலைப்பிட்டது. கம்பனி பேர்ண் நகர நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1976 இல் வெளியான தீர்ப்பு ஆராயத்தக்கது. தலைப்பு அவதூறே என்று கண்ட நீதிபதி, குழுவினருக்கு ஆளுக்கு 300 பிராங்கு தண்டம் விதித்தார். அதே வேளை, கம்பனி தன் விளம்பர முறையை அடிப்படையிலேயே மாற்றல் வேண்டும் என்றும் கூறினார்.

இத் தீர்ப்பில் ஓர் இலக்கண நுட்பம் அடங்கியுள்ளது. கருத்தாவை இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என இரண்டாக வகுப்பது நம் மரபு. சிற்பி கோயில் கட்டினான் என்பதும் அரசன் கோயில் கட்டினான் என்பதும் இரண்டும் வழுவற்றனவே. முன்னவன் கையாற் செய்தான். பின்னவன் ஏவிச் செய்வித்தான். ‘கொல்கின்றது’ என்னும் வினைக்குக் கம்பனி எவ்வகைக் கருத்தா? மாவைக் கரைத்தவள் தாய், கெட்டது நீர். ஆதலின் கம்பனி இயற்றுதற் கருத்தா அன்று. தவறாகக் கரைக்கும்படி அது ஏவியதும் இல்லை. ஆயின் இரண்டுமல்லாத மூன்றாம் நிலை ஒன்றுண்டு. செய்யாது, ஏவாது, ஆசை காட்டிச் செயலுக்கு வழிதிறந்து, விளைவு வரும்போது அப்பால் விலகி நிற்றல் அந்நிலை. விளம்பரத்தின் நிலை இதுவே. பழைய இலக்கணத்தில் இதற்குப் பெயரில்லை. குற்றச் சட்டத்திலும் எளிதிற் பெயர் கிடைப்பதில்லை. அந்த நீதிபதி இக் கருத்தாவைக் கண்டும், பெயரிட இயலாது அறிவுரையாக மொழிந்தமைந்தார் என்றே யான் கருதுகின்றேன்.

பெயரற்ற அக் குற்றத்துக்குப் பெயர் காணும் முயற்சி பின்னர் எழுந்தது. 1977 ஆம் ஆண்டு யூலை மாதம் 4 ஆம் நாள் அமெரிக்காவின் மின்னியாப்பொலிஸ் நகரிலிருந்து நெஸ்லே பண்டங்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கிற்று. மறு ஆண்டு அமெரிக்கச் செனற் சபையில் எட்வேட் கெனடி இது பற்றி விசாரணை நடத்தினார். 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனை பற்றிய சருவதேச ஒழுக்கக் கோவையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றே, அது அமெரிக்கா. பொதுமக்களுக்கு விளம்பரம் ஆகாது, தாயர்க்கு இலவச மாதிரி ஆகாது, பேணியின் மேல் உண்மை எழுதல் வேண்டும் என்பன அக் கோவையின் சாரம். கம்பனி அதற்கு இசைந்ததால் 1984 இற் புறக்கணிப்பு நிறுத்தப்பட்டது. மருத்துவமனைகளுக்கு இலவச மா செல்கின்றது என்ற குற்றச்சாட்டால் 1988 இல் மீண்டும் எழுந்தது. அதே ஆண்டிற் சின்னமும் திருத்தம் பெற்றது. தாய்ப்பறவையின் அலகிலிருந்த புழு மறைந்தது. மூன்று குஞ்சுகள் இரண்டாயின. இரண்டு நிகழ்ச்சிக்கும் தொடர்புண்டென யான் கூறவில்லை. ஊட்டும் தாயின் வாயில் இரையில்லாத அப் படத்தைக் காணுந்தோறும் என் மனம் சற்றே தடைப்படுகின்றது, அவ்வளவே.

இது பழங்கதை என்று ஒதுக்குதற்கில்லை. கோவையைத் தான் பேணுவதாகக் கம்பனி கூறிவருகின்றது. மீறப்படுவதாகக் கண்காணிப்பாளர் கூறிவருகின்றனர். 2024 ஏப்பிரல் மாதத்திற் சுவிற்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ என்னும் அமைப்பு, ஆறு மாதக் குழந்தைக்குரிய கோதுமைச் செரலாக்கை நாடுதோறும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. யேர்மனியிலும் பிரித்தானியாவிலும் விற்கப்பட்டதில் மேற்சேர்த்த சீனி இல்லை. எதியோப்பியாவில் ஒரு வேளை உணவில் 5 கிராமுக்கு மேல்; தாய்லாந்தில் 6 கிராம். அவ்வந் நாட்டுச் சட்டத்துக்கு அமையவே நடப்பதாகவும், சீனியைக் குறைத்து வருவதாகவும் கம்பனி விடையிறுத்தது. சட்டத்துக்கு அமைதல் வேறு, அறத்துக்கு அமைதல் வேறு. பெயர் ஒன்று, சின்னம் ஒன்று, குழந்தையின் வயதும் ஒன்று. உள்ளீடு மட்டும் நாட்டுக்கு நாடு வேறாயின், அப் பெயர் எப்பொருளைக் குறிக்கின்றது? ஒருசொற் பலபொருள் நிகண்டில் அழகு. பாலுணவுப் பேணியில் அழகன்று.

2024 இலும் 2025 இலும் அக் கம்பனியின் தலைமை நிருவாகி அடுத்தடுத்து மாறினார். 2025 ஒக்ரோபரில் 16,000 பணியிடங்கள் குறைக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. பங்குச் சந்தையார் இவற்றையே ஆராய்கின்றனர். நாம் ஆராயவேண்டியது பேணியின் மேலுள்ள எழுத்தை.

இவ்விடத்து நம் நாட்டைப் பற்றி ஒன்று கூறல் தகும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் ஒன்றையே ஊட்டும் வழக்கம் இலங்கையிற் சிறந்து விளங்குகின்றது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் அவ்வாறு வளர்ந்தனர். ஊர்தோறும் வீடு தேடிச் செல்லும் குடும்பநல மருத்துவ மாதரின் உழைப்பு இதன்கண் பெரிது. விளம்பரத்தின் சொல்லை மற்றொரு சொல் வெல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அவர் சொல் அச்சேறியதன்று. முற்றத்தில் நின்று, தாயின் முகம் பார்த்து, அவள் மொழியிற் கூறப்படுவது.

பாடசாலையில் நாம் பதவுரை, பொழிப்புரை, கருத்துரை எனப் பயிற்றுகின்றோம். அப்பயிற்சி செய்யுளோடு நின்றுவிடுதல் ஆகாது. உயர்வகுப்பு மாணவர் ஒருவர் பால்மாப் பேணியின் புறத்தே பெரிய எழுத்திலுள்ள புகழ்மொழியையும், பின்புறத்தே சிறிய எழுத்திலுள்ள சேர்மானப் பட்டியலையும் அருகருகே வைத்து, இரண்டுக்கும் உள்ள முரணை எடுத்துரைக்க வல்லராயின், அவர் உரைநடை கற்றவர் என்று யான் துணிந்து சான்று வழங்குவேன். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைக் காத்தல் புலவர் தொழில் மட்டும் அன்று. அவ்வுறவு குலைந்த இடங்களிற் குழந்தைகள் இறந்திருக்கின்றன.