பிழைச் செய்தியும் ஓர் அளவீடே

மின்சுற்றை இணைத்துச் சாவியைச் செருகுகிறீர்கள். கால்வனாமீட்டரின் முள் அசையவில்லை. உடனே எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி எறிவீர்களா? மின்கலம், சாவி, இணைப்பு முனை என ஒவ்வொன்றாகச் சோதிப்பீர்கள் அல்லவா? கணினி முன் அமர்ந்ததும் இந்த நல்ல பழக்கத்தை நாம் கைவிடுவது ஏன்?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தொலைவிலுள்ள கணினியின் கோப்புறையை நம் கணினியிலேயே இருப்பதுபோல் பயன்படுத்த எஸ்.எஸ்.எச்.எஃப்.எஸ். என்ற மென்பொருள் உதவுகிறது. இதற்கு அடித்தளம் எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான இணைப்பு முறை. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவு போனதை அடுத்து, அங்கிருந்த டாட்டு யுலோனென் 1995-இல் இதனை உருவாக்கினார்.

கோப்புறை இணையவில்லையா? முதலில் எஸ்.எஸ்.எச். மட்டும் தனியே இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், அடித்தளம் சரி. கோப்புறையின் பெயர், பாதை, அனுமதி ஆகியவற்றைச் சோதிக்கலாம். இயங்காவிட்டால் திரையில் தோன்றும் செய்தியைப் படியுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால், பெரும்பாலும் மறுமுனைக் கணினி இயங்குகிறது. ஆனால் வழக்கமான 22-ஆம் எண் வாயிலில் நம் அழைப்பை ஏற்க எந்த நிரலும் இல்லை. 'டைம்ட் அவுட்' என்றால் பதிலே வரவில்லை. முகவரி தவறாக இருக்கலாம், கணினி அணைந்திருக்கலாம், இடையிலுள்ள ஃபயர்வால் தடுத்திருக்கலாம். 'பெர்மிஷன் டினைட்' என்றால் வாயில்வரை சென்றுவிட்டோம். பயனர் பெயரோ கடவுச்சொல்லோ மின்சாவியோ பொருந்தவில்லை. மூன்றும் மூன்று வெவ்வேறு அளவீடுகள்!

பலர் இவற்றைப் படிப்பதில்லை. எங்கோ கண்ட கட்டளைகளை வரிசையாக அடித்துப் பார்க்கிறார்கள். எல்லாக் கோப்புகளுக்கும் 777 என்று அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். பிறர் படிக்கக்கூடிய மின்சாவியை எஸ்.எஸ்.எச். ஏற்காது, ஆக, ஒரு கோளாறு இரண்டாகிறது. மறுமுனையின் அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தால், அந்தச் சோதனையையே நிறுத்திவிடுகிறார்கள். அக்கணினியில் இயங்குதளம் புதிதாக நிறுவப்பட்டிருக்கலாம். நடுவே ஒரு திருடன் அமர்ந்திருக்கவும் கூடும். அதன் பொறுப்பாளரைக் கேட்டு உறுதி செய்வதே முறை. பூட்டைக் கழற்றி எறிவது பழுது பார்ப்பதாகாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எது குணப்படுத்தியது என்று எப்படி அறிவீர்கள்? செய்ததையும் வந்த செய்தியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். செய்முறைத் தேர்வில் சரியான விடைக்கு மட்டுமன்றி, பிழையைத் தேடிய முறைக்கும் மதிப்பெண் தரவேண்டும் என்பது என் கருத்து. அறிவியல் என்பது அந்தத் தேடல்தானே?